"நம்ம தோட்டத்து டாக்டர்" என்று பாட்டி சொன்னது உண்மையா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். போன மாதம் தவறிப்போன உங்கள் பாட்டியின் சாமி மேடையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், காவி உடுத்திய மொட்டைத் தலைச் சாமியார் ஒருவரின் படம் இருக்கிறது. "இவரு நம்ம தோட்டத்து டாக்டருடா, எங்கப்பாவுக்கு மருந்து குடுத்தவரு" என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். படத்தின் பின்பக்கம் "சுவாமி சிவானந்தர், ரிஷிகேசம்" என்று அச்சாகியிருக்கிறது. ரிஷிகேசத்துச் சாமியாருக்கும் இங்கே மலேசியாவில் சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம், பாட்டி யாரையோ நினைத்துக் குழம்பிவிட்டாரா என்பது உங்கள் முதல் கேள்வி. செனவாங் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன் அவர் சொன்னதையெல்லாம் செய்ய முடியுமா என்பது இரண்டாவது. நீங்கள் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாமியாரும் இல்லை, சமஸ்கிருதம் படித்தவனும் இல்லை. ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் 31 வருஷம் ஆஸ்பத்திரி உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வயதானவர்கள் என்னை 'டிரெசர்' என்பார்கள், மற்றவர்களுக்கு நான் டாக்டர். தோட்டத்தில் கழுத்தில் குழாய் தொங்கினால் டாக்டர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய கிராணியார் (தோட்டத்துக் கணக்கர்) ஒருவர், "உன் நாற்காலியில உட்கார்ந்திருந்தவர் ஒருத்தர் பெரிய மகானாப் போயிட்டாரு, தெரியுமா?" என்று சிவானந்தர் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து படித்து வருகிறேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பாட்டி குழம்பவில்லை. சுவாமி சிவானந்தர் இந்த நாட்டில் பத்து வருஷம் இருந்தார். அதில் பெரும்பகுதி சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் கழிந்தது. இது பக்தர்கள் கட்டிய கதை இல்லை, அவரே தன் சுயசரிதையில் எழுதி வைத்தது. அவர் பூர்வாசிரமப் பெயர் குப்புசாமி. 1887 செப்டம்பர் 8-ஆம் தேதி, கோரைப்பாய்க்குப் பேர்போன திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் பிறந்தார். அப்பா வெங்கு ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வருவாய்த் துறை அதிகாரி, அம்மா பார்வதி அம்மாள். பதினாறாம் நூற்றாண்டு அத்வைத அறிஞர் அப்பைய தீட்சிதரின் வம்சம். எட்டயபுரத்திலும் திருச்சியிலும் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். அந்த வயதிலேயே 'அம்புரோசியா' என்று ஒரு மருத்துவப் பத்திரிகை நடத்தினார். எழுதி நாலு பேருக்கு அனுப்புகிற பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

1913-இல் கப்பல் ஏறினார். ஆசாரமான குடும்பம், கப்பலில் மாமிசம் சமைப்பார்கள் என்ற பயம். வீட்டில் செய்த பட்சணத்தை மூட்டை கட்டிக்கொண்டு, வழியெல்லாம் அதையும் தண்ணீரையும் வைத்தே ஓட்டியிருக்கிறார். சிங்கப்பூரில் இறங்கும்போது பாதி உயிர்தான் இருந்ததாம். அங்கே அறிமுகமானவர் மூலமாகச் சிரம்பானில் டாக்டர் ஹெரால்டு பார்சன்ஸைப் பார்க்கிறார். பார்சன்ஸ், ஆஸ்பத்திரி வைத்திருந்த பக்கத்துத் தோட்டத்தின் துரை ஏ.ஜி. ராபின்ஸிடம் அனுப்புகிறார். ராபின்ஸ் ஆளும் பெரியவர், கோபமும் பெரியது. ஒரு ஆஸ்பத்திரியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று துரை கேட்க, மூன்றைக் கொடுத்தாலும் பார்ப்பேன் என்று இந்த இளைஞர் பதில் சொல்லியிருக்கிறார். வேலை கிடைத்துவிட்டது. அங்கே கிட்டத்தட்ட ஏழு வருஷம். பிறகு ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவ நிறுவனத்தில் மூன்று வருஷம். 1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார்.

இதுவரை சொன்னதை நீங்கள் தைரியமாக யாரிடமும் சொல்லலாம். ஆனால் சிரம்பானைச் சுற்றி "எங்கள் தோட்டம்தான் அது" என்று உரிமை கொண்டாடும் தோட்டங்கள் எனக்குத் தெரிந்தே நாலு இருக்கின்றன. நாலும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஒரு தோட்டத்தில் இடிந்த சுவர் ஒன்றைக் காட்டி "இதான் சாமி மருந்து கலக்கின இடம்" என்றார்கள். சுவரைப் பார்த்தால் சிமெண்டுக் கல் கட்டடம், என் வயதுகூட அதற்கு இருக்காது. சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சீடர்கள் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வரும் சம்பவங்கள் இன்னொரு வகை. ஒன்றைச் சொல்கிறேன். நல்ல மழை இரவு. நனைந்து நடுங்கிக்கொண்டு ஒரு ஏழை வந்து கதவைத் தட்டுகிறான், மனைவிக்குப் பிரசவ வலி. இவர் உடனே கிளம்பிப் போய், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை குடிசைக்கு வெளியே அந்த மழையிலேயே நின்று, விடிந்த பிறகுதான் வீடு திரும்பினார் என்று எழுதியிருக்கிறார்கள். சாட்சி வைத்து நிரூபிக்கிற சமாச்சாரம் இல்லை இது. ஆனால் லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது நம்பும்படி இருக்கிறது. ஒற்றை அறை. உள்ளே மருத்துவச்சி, இரண்டு பெண்கள், அடுப்புப் புகை. ஆம்பளை நிற்க வேறு இடமே கிடையாது, வெளியேதான் நிற்க வேண்டும். நானும் அப்படி நின்றிருக்கிறேன், ஆனால் எனக்கு அஞ்சடிக் கூரை (வாசல் தாழ்வாரம்) இருந்தது.

மலாயாவில் அவர் சாமியாராக வாழவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் படத்தில் இருப்பவரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நல்ல உடுப்பு என்றால் அவருக்கு உயிர். கடைக்குள் நுழைந்தால் பேரம் பேசமாட்டார், பொறுக்கி எடுக்கமாட்டார், கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிடுவார். தங்கம், வெள்ளி, சந்தனக்கட்டைச் சாமான்கள் சேர்த்தார். சில நாள் பத்து விரலிலும் பத்து மோதிரம் போட்டுக்கொண்டதாக அவரே எழுதுகிறார். எனக்கு அவரை நம்ப வைத்ததே இந்த மோதிரங்கள்தான். தன்னைப் பற்றி இப்படி எழுதிவைக்க ஒரு மனசு வேண்டும்.

ஏன் விட்டுவிட்டுப் போனார்? அவர் வைத்தியம் பார்த்த ஒரு சாது வேதாந்தப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார், அதுதான் திருப்பம் என்று வரலாறுகள் சொல்கின்றன. அவர் எழுத்தில் நான் பார்ப்பது வேறொன்று: தினமும் வேலைக்குப் போவதும் தின்பதும் குடிப்பதும் தவிர மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்ற ஒரு சலிப்பு. ஒருவேளை சாது கொடுத்த புத்தகம் அந்தச் சலிப்புக்குப் பேர் வைத்துக் கொடுத்திருக்கலாம். இது என் ஊகம்.

அதோடு ஒன்று, அந்தக் காலத் தோட்டம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த சமயம். காட்டை அழித்து மலைச் சரிவெல்லாம் பால் மரம் நட்டார்கள். காட்டு நிழல் போனதும் தெளிந்த ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் பட்ட தெளிந்த ஓடைத் தண்ணீரில்தான் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற கொசு முட்டையிடும், மலைப்பாங்கான தோட்டங்களில் மலேரியாவைப் பரப்பியது அதுதான். சாக்கடைக் கொசு என்று நினைத்து குட்டையை மட்டும் தூர்த்தால் பலன் இல்லை. கிள்ளான் பக்கம் மால்கம் வாட்சன் 1901 முதல் வடிகால் வெட்டிக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். ஆனால் சமவெளிக்குப் பொருந்தியது மலைக்குப் பொருந்தவில்லை, அதற்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. இதற்கு நடுவில் ஊரிலிருந்து கங்காணி கூட்டிவந்த சனம், காய்ச்சல், சீதபேதி, கொக்கிப்புழு, சோகை. 1918-இல் உலகத்தையே ஆட்டிய விஷக்காய்ச்சல் (இன்புளுயன்சா) மலாயாத் தோட்டங்களையும் விடவில்லை. அந்த வருஷம் நம்ம குப்புசாமி ஐயர் தோட்ட ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். என்ன பார்த்தார் என்று விரிவாக எழுதவில்லை. மலாயாப் பகுதியைச் சுருக்கமாகத்தான் முடித்திருக்கிறார்.

இங்கேதான் உங்கள் முதல் கேள்வி இரண்டாவதோடு ஒட்டுகிறது. அவர் பிற்காலத்தில் சொன்னதையெல்லாம் வரிசையாகப் படித்துப் பாருங்கள். எனக்கு அது மடத்துக் குரலாகக் கேட்கவில்லை. மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்ற ஆளின் குரலாகக் கேட்கிறது. மலேரியாவுக்குக் கொயினா (குவினைன்) கொடுக்கிறவனுக்குத் தெரியும்: காய்ச்சல் விட்டதும் நோயாளி மருந்தை நிறுத்துவான், மறுபடி விழுவான். ஒரே நாளில் மொத்தமாகக் கொடுத்தால் காது இரையும், வாந்தி எடுப்பான். கொஞ்சமாக, விடாமல், அளவு எழுதி வைத்துக் கொடுக்க வேண்டும். சிவானந்தர் சாதனை (ஆன்மிகப் பயிற்சி) என்று சொல்வது பெரும்பாலும் இதுதான். எதையும் கொஞ்சத்தில் ஆரம்பி, ஒருநாளும் விடாதே, எழுதி வை.

எழுதி வை என்பது பேச்சுக்குச் சொன்னது இல்லை. ஆன்மிக நாட்குறிப்பு என்று ஒரு அட்டவணையே போட்டுக் கொடுத்தார். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை மாலை ஜபம், எவ்வளவு நேரம் தியானம், பலன் கருதாத சேவை எவ்வளவு நேரம், எவ்வளவு தானம், எத்தனை பொய் சொன்னாய், அதற்கு உனக்கு நீ கொடுத்துக்கொண்ட தண்டனை என்ன, எத்தனை தடவை கோபம், அது எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தக் கெட்ட குணத்தை இப்போது விரட்டிக்கொண்டிருக்கிறாய். குறுக்கே கேள்வி, நெடுக்கே தேதி. எங்கள் வார்டில் கட்டில் தலைமாட்டில் தொங்குமே, காய்ச்சல் எவ்வளவு, மருந்து கொடுத்தாயிற்றா, வயிறு போயிற்றா என்று குறிக்கிற அட்டை, அச்சு அசல் அதேதான். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்துதான் அந்த அட்டவணை வந்தது என்று அவர் எங்கும் எழுதவில்லை. ஒரு டிரெசர் இன்னொரு டிரெசரை அடையாளம் கண்டுகொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராக அலைந்து 1924 மே மாதம் ரிஷிகேசம் சேர்ந்தார். ஜூன் 1-ஆம் தேதி விஸ்வானந்த சரஸ்வதியிடம் சந்நியாசம். அப்போது வயது 36. குகைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார் என்றுதானே நினைப்போம்? கடும் தவம் செய்தார், அது உண்மை. ஆனால் 1927-இல், பழைய இன்சூரன்ஸ் பணம் கைக்கு வந்ததும், லட்சுமண்ஜூலாவில் யாத்திரிகர்களுக்கு இலவச மருந்தகம் திறந்துவிட்டார். பத்ரிநாத் போகிறவர்களின் புண்ணுக்கும் பேதிக்கும் மறுபடி மருந்து. பிறகு கங்கைக் கரையில் ஒரு பழைய மாட்டுக்கொட்டகையில் குடியேறி, 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தை (டிவைன் லைஃப் சொசைட்டி) தொடங்கினார். 1948-இல் யோக வேதாந்தப் பயிற்சிக்கூடம். கிட்டத்தட்ட முந்நூறு புத்தகங்கள். சின்மயானந்தர், சிதானந்தர், கிருஷ்ணானந்தர், விஷ்ணுதேவானந்தர், சச்சிதானந்தர், பீகார் யோகப் பள்ளியின் சத்தியானந்தர் எல்லாரும் அவரிடம் தீட்சை வாங்கியவர்கள். 1963 ஜூலை 14-ஆம் தேதி சமாதி. நம்ம பத்துமலையில் இருக்கும் சிவானந்தாசிரமம் அந்தக் கழகத்தின் மலேசியக் கிளைதான்.

அவர் போதனையின் நடுப்புள்ளி என்ன என்று கேட்டால், நான் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்வேன். வேதாந்தத்தில் பழைய கணக்கு ஒன்று உண்டு. மனசுக்கு மூன்று கோளாறு: மலம் என்கிற அழுக்கு, விக்ஷேபம் என்கிற அலைச்சல், ஆவரணம் என்கிற திரை. அழுக்கு சேவையால் போகும், அலைச்சல் பக்தியாலும் ஜபத்தாலும் அடங்கும், திரை ஞானத்தால்தான் விலகும். இதைக் கண்டுபிடித்தது அவர் இல்லை. ஆனால் இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். சேவை செய், அன்பு காட்டு, கொடு, தூய்மையாகு, தியானம் செய், உணர் என்று ஆறு சொல்லில் அவர் சொல்லும்போது தியானம் ஐந்தாவது இடத்தில்தான் வருகிறது. தியானம் கற்றுக்கொள்ள வந்த படித்த இளைஞர்களை நோயாளிக்குப் பணிவிடை செய்ய அனுப்பினார். புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்டால் உள்ளே சீழ் பிடிக்கும் என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். அதே வரிசைதான்.

சரி, இப்போது ஷிஃப்ட். அவருடைய இருபது உபதேசங்களில் முதலாவதே விடிகாலை 4 மணிக்கு எழு என்பது. நீங்கள் தயங்குவது இதில்தான் என்று புரிகிறது. உங்கள் பாட்டிக்கு இது உபதேசமே இல்லை, பெரட்டுக்கு (விடிகாலை ஆள் கணக்கெடுப்பு) போகிறவர்கள் நாலு மணிக்கு எழுந்தே ஆக வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்குப் பேருந்தில் தூங்கி விழுகிறவருக்கு நாலு மணி என்பதற்கு அர்த்தம் கிடையாது. அந்த நேரத்தில் மனம் அமைதியாக இருக்கும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அந்தக் காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எப்போது எழுந்தாலும் எழுந்த முதல் அரை மணி நேரம், கைப்பேசியைத் தொடுவதற்கு முன்னால். இது நான் சொல்கிற சமாதானம், அவர் சொன்னது இல்லை. கண்டிப்பான சீடர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

மற்றவற்றில் பல உங்களுக்கு உடனே முடியும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தானம் என்பார், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணத்திலிருந்து ஆரம்பியுங்கள். தினம் சற்று நேரம் பேசாமல் இருக்கச் சொல்வார், இயந்திரத்தின் முன்னால் நிற்பவருக்கு அது தானாகவே கிடைக்கிறது. தேவையைக் குறை, நாலு சட்டை இருந்தால் மூன்றாக்கு, இரண்டாக்கு என்கிறார். பத்து மோதிரம் போட்டவர் சொல்கிறார் என்பதை மறக்காமல் படியுங்கள். பிறகு லிகித ஜபம்: நோட்டுப் புத்தகத்தில் மந்திரத்தைத் தினம் ஒன்றிரண்டு பக்கம் எழுதுவது. உட்கார்ந்து கண்ணை மூடினால் தூக்கம் வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய ஒரு பாட்டி, முழங்கால் வலிக்கு மாதம் இரண்டு முறை வருவார். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டதே இல்லை. ஒருநாள் மடியிலிருந்து பழைய பால் கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பாவாடையைத் தூக்கி முழங்காலைக் காட்டினார். அட்டையெல்லாம் ஒட்டுப்பால் கறை, அந்த நாற்றம். புரட்டிப் பார்த்தேன். முன்பக்கங்களில் கிராணி எழுதிய எடைக் கணக்கு. காலியாக இருந்த பின்பக்கம் முழுக்க, பென்சிலில், "ஓம் நமசிவாய" மட்டும். முதல் பக்கத்தில் ம-வும் வ-வும் ஒன்றுபோலவே கோணலாக இருந்தன. போகப் போக எழுத்து நேராகி, கடைசிப் பக்கங்களில் முத்து முத்தாக நின்றது. படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். "இந்த ஆறு எழுத்துதான் தெரியும் சார்" என்றார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, சாமி படம் இருந்த ஒரு நோட்டீஸைக் காட்டினார். சிவானந்தர்.

ஒரு எச்சரிக்கை, இது என் தொழில் சம்பந்தப்பட்டது, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் உடம்பைப் பற்றி எழுதியதெல்லாம் பெரும்பாலும் எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய வைத்திய அறிவு. ஆசனம் செய்யுங்கள், நல்லது. ஆனால் இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறவர் ஆசனத்தை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஏகாதசி உபவாசம் இருக்கச் சொல்கிறார் என்று இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து, சர்க்கரை இறங்கி மயங்கியவரை நான் தூக்கி வந்திருக்கிறேன். உங்கள் குடும்பத்தில் இனிப்புநீர் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், கிளினிக்கில் கேட்காமல் உபவாசம் வேண்டாம். பிரம்மச்சரியம் பற்றி அவர் எழுதியது துறவிக்கு எழுதிய கடுமையில் இருக்கும். கல்யாணம் ஆகப் போகிறவர் அதைப் படித்துவிட்டுத் தன்மேல் வெறுப்பு வளர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் புத்தகங்களை நான் இளைஞர்கள் கையில் கொடுப்பதில்லை, என் சொந்த முடிவு.

கடைசியாகப் பாட்டியின் அப்பா. பாட்டி பிறந்தது 1938 என்றும், கொள்ளுத்தாத்தாவுக்கு அவர் மூத்த பிள்ளை இல்லை என்றும் சொல்கிறீர்கள். கொள்ளுத்தாத்தா 1905-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று வைத்தால், சிவானந்தர் சிரம்பான் பக்கம் இருந்த ஏழு வருஷமும் இவர் சின்னப் பையன். கைகால் நடுங்கும் காய்ச்சலோடு வரிசையில் நிறுத்தப்பட்டு, கசப்பு மருந்தை விழுங்கியதை எந்தப் பையனும் மறக்கமாட்டான். ஆகவே நடந்திருக்க முடியும். நடந்ததா என்பதற்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும்: குடும்பம் எந்த வருஷம் கப்பல் ஏறியது, முதலில் எந்தத் தோட்டத்தில் இறங்கியது. 1920-க்குப் பிறகு வந்தவர்கள் என்றால் பாட்டி சொன்னது வேறு டிரெசரைப் பற்றியதாக இருக்கும். பாட்டியின் தங்கை பகாவில் இருக்கிறார் என்றீர்களே, அடுத்த ஓய்வு நாளில் போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். படம் சாமி மேடையிலேயே இருக்கட்டும்.